தூரம் தெரியாத வெளிச்சம்

பறக்கும் தட்டு ஆராய்ச்சியாளரின் மேசைக்கு வந்து சேர்வது தட்டு அல்ல, சாட்சியம். ஒரு விமானி, ஒரு விவசாயி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் ஒரு செவிலியர் என்று யாரோ ஒருவர் வானத்தில் எதையோ பார்க்கிறார். அது இன்னதென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்த நேரம், திசை, நிறம், நகர்ந்த விதம், நடுங்கும் கையால் வரைந்த ஒரு படம், இப்போதெல்லாம் கைபேசியில் எடுத்த சில நொடி வீடியோ: மூலப்பொருள் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு வெள்ளிக் கோளா, விமான விளக்கா, பலூனா, செயற்கைக்கோளா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். எதுவும் பொருந்தாமல் ஏதேனும் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் வேலை. அமெரிக்கா, பிரான்ஸ், நார்வே, ஸ்வீடன், சிலி, ரஷ்யா என்று பல நாடுகளில் வானியலாளர்களும் பொறியாளர்களும் ராணுவ அதிகாரிகளும் சம்பளமே இல்லாத ஆர்வலர்களும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இதைச் செய்துவருகிறார்கள். அவர்கள் எல்லோரையும் மடக்கிய கேள்வி ஒன்றே: அது எவ்வளவு தூரத்தில் இருந்தது?

அந்தக் கேள்வி முதல் சம்பவத்திலேயே இருக்கிறது. 1947 ஜூன் 24 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்னத் அர்னால்டு என்பவர் தனது சிறிய விமானத்தில் ரெய்னியர் மலை அருகே பறந்துகொண்டிருந்தார். காணாமல்போன ஒரு ராணுவ விமானத்தைத் தேடுவதும் அன்றைய பயணத்தின் ஒரு நோக்கம். பளிச்சென்று ஒளி வீசியபடி ஒன்பது பொருள்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டார். பதறாமல், எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்து, அவை ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலையை எட்ட 1 நிமிடம் 42 நொடி ஆனதைக் குறித்துக்கொண்டார். இரண்டு மலைகளுக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 2,700 கிலோமீட்டர் வருகிறது. ஒலியின் வேகத்தை எந்த விமானமும் தாண்டியிராத காலம் அது.

நீரின் மேல் தட்டை வீசினால் துள்ளித் துள்ளிப் போவதுபோல அவை பறந்தன என்று அவர் நகர்வைத்தான் விவரித்தார். செய்தியாளர்கள் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ‘பறக்கும் தட்டு’ என்ற பெயர் அப்படிப் பிறந்தது. அர்னால்டின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் அந்தப் பொருள்கள் மலைகளை ஒட்டியே பறந்தன என்ற அவருடைய ஊகத்தின் மேல் நின்றது. அவை விமானத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் இருந்திருந்தால் வேகமும் பத்தில் ஒரு பங்காகிவிடும். பறவைக் கூட்டம்கூட அதற்குள் அடங்கிவிடும். தூரம் தெரியாமல் வேகமும் இல்லை, அளவும் இல்லை.

அந்தக் கோடையில் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கானோர் தட்டுகளைக் கண்டதாகச் சொல்ல, விமானப்படை விசாரணையில் இறங்கியது. 1948-இல் ‘சைன்’, அடுத்து ‘க்ரட்ஜ்’, 1952 முதல் ‘ப்ளூ புக்’ என்று பெயர் மாறி மாறி ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அந்த வேலை நடந்தது. ‘ப்ளூ புக்’ பிரிவுக்கு முதலில் தலைமை தாங்கிய கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட்தான் ‘தட்டு’ என்ற சொல் முன்கூட்டியே முடிவைச் சொல்லிவிடுகிறது என்று கருதி, ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் சுருக்கமே யூ.எஃப்.ஓ. 1969 டிசம்பரில் இந்தத் திட்டம் மூடப்பட்டபோது கணக்கில் இருந்த சம்பவங்கள் 12,618. அவற்றில் 701 விளக்கம் இல்லாமலே கோப்புக்குள் போயின.

சதுப்பு வாயுவும் ஒரு வானியலாளரும்

விமானப்படைக்கு ஒரு வானியலாளர் தேவைப்பட்டார். டேட்டனுக்குப் பக்கத்திலேயே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜே. ஆலன் ஹைனெக் இருந்தார். நட்சத்திரத்தையும் கோளையும் எரிகல்லையும் பார்த்து ஏமாந்தவர்களைப் பிரித்தெடுத்துக் கொடுப்பதே அவருக்குத் தரப்பட்ட பணி. 1948-இல் கேலி மனநிலையோடுதான் அதில் நுழைந்தார். இடையில் ஸ்மித்சோனியன் வான் இயற்பியல் ஆய்வகத்துக்காக, செயற்கைக்கோள்களைப் படம்பிடிக்கும் பேக்கர்-நன் கேமராக்களை உலகெங்கும் நிறுவும் திட்டத்தை நடத்தினார். நம் நாட்டில் நைனிடாலிலும் அந்தக் கேமராக்களில் ஒன்று இருந்தது. அவரை வானம் பார்க்கத் தெரியாதவர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர், ஹில்ஸ்டேல் ஊர்களில், காவலர்களும் கல்லூரி மாணவிகளும் உட்படப் பலர் சதுப்பு நிலத்துக்கு மேல் ஒளிகளைக் கண்டார்கள். நாடே கொந்தளித்தது. டெட்ராய்ட்டில் செய்தியாளர்கள் முண்டியடித்த கூட்டத்தில் ஹைனெக், அழுகும் தாவரங்களிலிருந்து எழும் சதுப்பு வாயு எரிந்திருக்கலாம் என்றார். அது ஒரு சாத்தியம் என்ற அளவில்தான் சொன்னார். மறுநாள் தலைப்புச் செய்தியில் அதுவே தீர்ப்பானது. மிச்சிகன் மக்கள் தங்களை முட்டாளாக்கியதாகக் கொதித்தார்கள். பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அப்போது அந்த மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று எழுதினார். ஹைனெக்கின் உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் இந்த அவமானத்துக்குப் பிறகு வெளிப்படையாக வந்தது. நேர்மையான, விவரம் தெரிந்த மனிதர்கள் சொல்லும் சாட்சியத்தைக் கேட்காமலே ஒதுக்குவது அறிவியல் ஆகாது என்று பேசத் தொடங்கினார்.

1972-இல் எழுதிய நூலில், தூரத்தையே அளவுகோலாக வைத்து அவர் சாட்சியங்களைப் பிரித்தார். இரவு ஒளிகள், பகல் வட்டுகள், ராடாரிலும் கண்ணிலும் சேர்ந்தே பட்டவை ஒரு பக்கம். ஏறத்தாழ 150 மீட்டருக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் ‘நெருக்கமான சந்திப்புகள்’ மறுபக்கம்: வெறுமனே பார்த்தது முதல் வகை, தரையிலோ செடியிலோ தடயம் விட்டது இரண்டாம் வகை, உள்ளேயோ அருகிலோ உருவங்களைக் கண்டது மூன்றாம் வகை. 1977-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இந்த மூன்றாம் வகையின் பெயரிலேயே படம் எடுத்தார். அதில் தாடியும் பைப்புமாகச் சில நொடிகள் ஹைனெக்கும் தோன்றுகிறார். 1973-இல் அவர் தொடங்கிய ஆய்வு மையம் இன்றும் இருக்கிறது. ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1910-இல் பிறந்த ஹைனெக், அது மீண்டும் வந்த 1986-இல் இறந்தார்.

மிச்சிகன் கொந்தளிப்பின் விளைவாகக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் தலைமையில் அரசு செலவில் ஓர் ஆய்வு நடந்தது. 1969 தொடக்கத்தில் வெளியான அதன் அறிக்கை சுமார் ஆயிரம் பக்கம். இந்தத் துறையை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் விளையாது என்று காண்டனின் முன்னுரை சொன்னது. ஆனால் உள்ளே ஆராயப்பட்ட சம்பவங்களில் கணிசமானவை விளக்கமின்றியே நின்றன. முன்னுரையை மட்டும் படித்தவர்களும் முழுவதையும் படித்தவர்களும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பிளவு இன்றுவரை ஆறவில்லை.

அதில் அதிகம் அடிபட்டவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வளிமண்டல இயற்பியலாளர் ஜேம்ஸ் மெக்டோனால்ட். மேகங்களைப் பற்றி ஆழமாகத் தெரிந்தவர். நூற்றுக்கணக்கான சாட்சிகளை நேரில் கண்டு பேசினார். ராடார் பதிவுகளுக்கு விமானப்படை சொன்ன வானிலை விளக்கங்களை வரிவரியாகச் சோதித்து, பல இடங்களில் அவை பொருந்தவில்லை என்று காட்டினார். 1971-இல், ஒலியை விஞ்சும் பயணி விமானங்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது, பறக்கும் தட்டை நம்புகிறவர்தானே என்று அங்கேயே கேலி செய்யப்பட்டார். மனிதச் செயலால் ஓசோன் சிதையும் என்ற அவருடைய கவலை பின்னாளில் மெய்யானது. அவர் அதே ஆண்டு ஜூனில் காலமானார். ஓர் ஆராய்ச்சியாளரை அவருடைய ஆதாரத்தை வைத்து எடைபோடாமல், அவர் எடுத்துக்கொண்ட பொருளை வைத்து எடைபோட்டது அறிவியல் உலகுக்கு நல்ல பெயர் சேர்க்கவில்லை.

தொலைபேசியில் ஒரு துப்பறிவாளர்

இந்தத் துறையின் மிக உழைப்பான நூல் எது என்று கேட்டால், 1979-இல் ஆலன் ஹென்ட்ரி எழுதிய கையேட்டைச் சொல்ல வேண்டும். ஹைனெக்கின் மையத்தில் முழுநேர ஊழியரான அவர், காவல் நிலையங்களிலிருந்து வரும் அழைப்புகளை எடுத்து, சாட்சிகளோடு அன்றன்றைக்கே பேசினார். 1,307 சம்பவங்களைத் தாமே விசாரித்தார். அவற்றில் 113 மட்டுமே மிஞ்சின. பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அவர் கண்டுபிடித்தவற்றில் இரண்டு விஷயங்கள் இன்றும் ஒவ்வொரு விசாரணையாளருக்கும் பாலபாடம். ஒன்று, வேற்றுலக வாகனம் என்று மக்கள் திரளாக நம்பியவற்றில் பல, இரவில் விளக்கு எழுத்துகளோடு பறந்த விளம்பர விமானங்கள். சாய்வான கோணத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எழுத்து தெரியவில்லை. சுழலும் விளக்கு வளையமாகத் தெரிந்தது. தெரியாத குவிமாடத்தையும் ஜன்னல்களையும் மனமே வரைந்து சேர்த்துக்கொண்டது. மற்றொன்று, சாட்சியின் படிப்போ பதவியோ அவர் கண்ணுக்கு உத்தரவாதம் தருவதில்லை. காவலரும் ஆசிரியரும் மற்றவர்களைப் போலவே வெள்ளிக் கோளிடம் ஏமாந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இருட்டில் தனியாக நிற்கும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், கண்ணின் சிறு அசைவுகளால் அது நகர்வதாகவே தோன்றும். கார் ஓடும்போது மரங்கள் பின்னே போக, வெகுதூரத்துக் கோள் மட்டும் கூடவே வந்து துரத்துவதுபோல் இருக்கும்.

அதனால் தேர்ந்த விசாரணையாளர் ‘எவ்வளவு பெரிதாக இருந்தது?’ என்று கேட்பதில்லை. ‘சாப்பாட்டுத் தட்டு அளவு’ என்ற பதிலுக்குத் தூரம் தெரியாமல் பொருள் இல்லை. கையை முழுதாக நீட்டச் சொல்லி, அந்த ஒளியை மறைக்க எந்த விரல் போதும் என்று கேட்பார். முழுநிலாவைச் சுண்டுவிரலின் பாதி அகலமே மறைத்துவிடும் என்பது தெரிந்தவர் மிகக் குறைவு. பிறகு நின்ற இடத்துக்கே சாட்சியை அழைத்துப் போய், எந்த மரத்துக்கு மேலே, எந்தக் கூரைக்கு எவ்வளவு உயரத்தில் என்று காட்டச் சொல்லி, திசைமானியும் கோணமானியும் வைத்து அளப்பார். அந்த இரவின் வானம் எப்படி இருந்தது என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார். பாதிச் சம்பவங்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காட்டுச் சம்பவம் நின்ற இடத்துக்குப் போவதன் பலனைக் காட்டுகிறது. 1980 டிசம்பர் கடைசியில், சஃபோக் பகுதியிலிருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தின் வீரர்கள் காட்டுக்குள் விட்டுவிட்டு ஒளிர்ந்த வெளிச்சத்தைத் துரத்திப் போனார்கள். துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் கையோடு ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருந்தார். அந்த ஒலிநாடா உலகப் புகழ் பெற்றது. வானியல் எழுத்தாளர் இயன் ரிட்பாத் பின்னர் அதே காட்டுக்குப் போய் அதே திசையில் நின்றார். மரங்களுக்கிடையே, கண்மட்டத்தில், ஐந்து நொடிக்கு ஒருமுறை ஓர்ஃபோர்ட் நெஸ் கலங்கரை விளக்கம் மின்னியது. ஒலிநாடாவில் வெளிச்சம் மறுபடி வந்தது என்று ஹால்ட் கூவும் இடைவெளியும் ஐந்து நொடிதான். தாம் கண்டது கலங்கரை விளக்கம் அல்ல என்று ஹால்ட் இன்றுவரை சொல்கிறார். அன்று காட்டின் ஓரம் நின்று பார்த்தவருக்கு ரிட்பாத்தின் கணக்கை மறுப்பது கடினமாக இருந்திருக்கும்.

லடாக் எல்லையில் நம் ராணுவத்துக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, சீனப் பக்கத்திலிருந்து பறந்துவரும் ஒளிகள் என்று வீரர்கள் 329 முறை பதிவு செய்தார்கள். உளவு விமானமாக இருக்கலாம் என்ற அச்சம். பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வரவழைக்கப்பட்டார்கள். அந்த ஒளிகள் நட்சத்திரங்களோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே மறைவதை அளந்து காட்டினார்கள். ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. மலைக்காற்றின் தெளிவில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் ஒளிர்ந்திருக்கின்றன.

அரசே ஆராயும் பிரான்ஸ்

பறக்கும் தட்டு விசாரணையை ஒரு விண்வெளி நிறுவனமே நிரந்தரப் பணியாக ஏற்றுக்கொண்டது பிரான்ஸில்தான். 1977-இல் துலூஸ் நகரில், பிரெஞ்சு விண்வெளி மையத்துக்குள் ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. கெபான், செப்ரா என்று பெயர் மாறி, 2005 முதல் ஜெய்பான். சாட்சி பக்கத்துக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கலாம்; அது துலூஸுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து பயிற்சி பெற்ற தன்னார்வ விசாரணையாளர் ஒருவர் சாட்சியின் ஊருக்கே வருவார். முடிவை நான்கு எழுத்துகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். உறுதியாக விளங்கிவிட்டது ‘ஏ’. பெரும்பாலும் விளங்கிவிட்டது ‘பி’. தகவல் போதாது ‘சி’. நல்ல தகவல் இருந்தும் விளங்கவில்லை ‘டி’.

மூன்றாவது எழுத்தும் நான்காவது எழுத்தும் தனித்தனியாக இருப்பதே இந்த முறையின் நேர்மை. தெரியாததையெல்லாம் மர்மம் என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் மற்ற நாடுகளில் எண்ணிக்கை ஊதிப்போனது. 2007-இல் ஜெய்பான் தன் கோப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது, நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ‘டி’ வகையில் இருந்தன. அதற்குப் பிறகு பழைய கோப்புகளையே தூசி தட்டி எடுத்து, புதிய மென்பொருள்களோடு மறுபடி விசாரித்தார்கள். முன்பு புரியாதவை பல ‘ஏ’, ‘பி’ வகைகளுக்கு நகர்ந்தன. இன்று ‘டி’ சுமார் 3 சதவீதம். தன்னிடமுள்ள மர்மங்களைத் தானே குறைத்துக்கொண்டே வரும் ஓர் அலுவலகத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

மிஞ்சியவற்றில் அதிகம் பேசப்படுவது ட்ரான்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ். 1981 ஜனவரி 8, மாலை. தென் பிரான்ஸின் அந்தச் சிற்றூரில், வீட்டுக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் மெல்லிய விசில் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஈய நிறத்தில் ஒரு பொருள் தோட்டத்தில் இறங்கி, சற்று நேரத்தில் எழும்பிப் போனதாகச் சொன்னார். மறுநாள் காவலர்கள் வந்தபோது தரையில் இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிக விட்டத்தில் வட்டத் தடம் இருந்தது. மண்ணும் காட்டுக் குதிரைமசால் செடியும் எடுத்து அனுப்பப்பட்டன. மண் அழுத்தப்பட்டுச் சூடேறியிருப்பதாக ஆய்வகங்கள் கூறின. தடத்துக்கு அருகிலிருந்த இலைகளில் பச்சையம் குறைந்திருப்பதாகவும், தள்ளிப் போகப் போக அந்தக் குறைவு மறைவதாகவும் வேளாண் ஆய்வு நிறுவனத்தின் உயிர்வேதியியலாளர் மிஷேல் பூனியாஸ் அளந்தார். அது வாகனச் சக்கரத்தின் தடமே என்றும், செடி மாதிரிகள் போதவில்லை என்றும் பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். இரு தரப்பும் ஒரே தோட்டத்தின் ஒரே மண்ணை வைத்துப் பேச முடிகிறது. மறுநாளே மாதிரி எடுத்ததன் பலன் அது.

பிரான்ஸ் தந்த மற்றொரு பெயர் ழாக் வாலே. பாரிஸ் வான் ஆய்வகத்தில் பணியாற்றி, 1962-இல் அமெரிக்கா போய், ஹைனெக்கோடு சேர்ந்து உழைத்து, கணினி வலைப்பின்னலின் தொடக்கக் காலப் பொறியாளர்களில் ஒருவராகவும் ஆனவர். ஸ்பீல்பெர்க் படத்தில் வரும் பிரெஞ்சு விஞ்ஞானிக்கு இவரே முன்மாதிரி. வேற்றுக்கிரகவாசிகள் என்ற விடையே அவசர விடை என்று 1969 முதல் எழுதிவருகிறார். பழைய ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளின் குள்ள உருவங்களுக்கும் இன்றைய சாட்சியங்களுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. அந்த ஒற்றுமையிலிருந்து அவர் எட்டும் வேறு பரிமாணங்கள் பற்றிய ஊகங்களைச் சோதிக்க வழி இல்லை என்பது பலவீனம். அவருடைய கோப்புகள் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சோவியத் ஒன்றியத்தில் ஆராய்ச்சி ரகசியத்தோடு மோதியது. 1977 செப்டம்பர் 20 விடியலில் பெட்ரோசவோட்ஸ்க் நகரத்தின் மேல் ஜெல்லிமீன் வடிவில் பேரொளி விரிந்தது. பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து காஸ்மோஸ்-955 செயற்கைக்கோள் போன பாதை அது. ஆனால் அப்படியோர் ஏவுதளம் இருப்பதையே அரசு அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இதற்குப் பிறகு அறிவியல் கழகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து 1978 முதல் 1990 வரை ‘செட்கா’ என்ற திட்டத்தை நடத்தின. நாட்டின் எந்த மூலையிலும் ராணுவத்தினர் விசித்திரமாக எதைக் கண்டாலும் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அத்தனை பெரிய கண்காணிப்பில் சேர்ந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை ராக்கெட் ஏவல்களாகவும் பலூன்களாகவும் முடிந்தன.

சிலி நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையிலும் 1997 முதல் ஒரு பிரிவு உண்டு. 2014 நவம்பரில் கடற்படை ஹெலிகாப்டர் எடுத்த அகச்சிவப்பு வீடியோவை அது இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, விளக்கம் கிடைக்கவில்லை என்று 2017 ஜனவரியில் வெளியிட்டது. இத்தகைய வீடியோக்களைச் சோதிக்கும் மிக் வெஸ்ட் என்பவர் நடத்தும் இணையக் குழுவின் ஆர்வலர்கள் பொதுவில் கிடைக்கும் விமானப் பாதைப் பதிவுகளைத் துழாவி, அது சாண்டியாகோவிலிருந்து மாட்ரிட் புறப்பட்ட பயணி விமானம் என்று சில நாள்களில் காட்டினார்கள். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் நினைத்ததைவிட அந்த விமானம் வெகு தூரத்தில் இருந்தது. ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரில் 1973-இல் தொடங்கிய காப்பகமோ எந்த முடிவையும் அறிவிப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இறந்தபின் குப்பைக்குப் போகும் கோப்புகளைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து, நிலவறைகளில் கிலோமீட்டர் கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறது. கனடாவின் கிறிஸ் ருட்கோவ்ஸ்கி தம் சேகரிப்பை மானிடோபா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் காகிதங்கள் இல்லாமல் மறுவிசாரணை என்பதே நடக்காது.

வெளிச்சம் திரும்பி வரும் பள்ளத்தாக்கு

சாட்சியத்தை நம்பியிருக்கும் இந்தத் துறைக்கு நார்வேயின் ஹெஸ்டாலன் ஒரு வரம். ட்ரோன்ட்ஹெய்ம் நகருக்குத் தெற்கே, சுமார் 12 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு. இருநூறு பேர்கூட இல்லாத ஊர். 1981 டிசம்பரிலிருந்து அங்கே மஞ்சளும் வெள்ளையுமான ஒளிகள் கூரை உயரத்திலும் மலைச்சரிவிலும் மிதப்பதை மக்கள் கண்டார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 15 முதல் 20 முறை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றுவதால் கருவிகளோடு போய்க் காத்திருக்கலாம் என்பதைப் பொறியாளர் எர்லிங் ஸ்ட்ரான்ட் உணர்ந்தார்.

1984 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை, ஒரு கேரவன் வண்டியில் ராடார், காந்தமானி, அலைமாலை அளவி, நில அதிர்வுமானி, லேசர் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அவருடைய குழு உறைபனியில் முகாமிட்டது. வெளியே மைனஸ் 30 டிகிரி வரை இறங்கிய குளிர். சில ஒளிகள் ராடாரிலும் விழுந்தன. லேசரை ஓர் ஒளியின் மேல் ஒன்பது முறை அடித்தபோது எட்டு முறை அது மினுங்கும் விதத்தை மாற்றியதாகக் குழுவின் அறிக்கை பதிவு செய்கிறது. 1998-இல் ஆளில்லாமலே வானத்தைப் பார்க்கும் தானியங்கி நிலையம் அமைக்கப்பட்டது. இத்தாலிய விஞ்ஞானிகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அளந்த ஒளிகளில் சில மலைப்பாதைக் கார்களின் முகப்பு விளக்குகளே என்று மற்றோர் இத்தாலியர் மத்தேயோ லியோனே மறுத்தார். போலோன்யாவின் யாதெர் மொனாரி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்: பள்ளத்தாக்கின் ஒரு பக்கப் பாறையில் செம்பு, மறுபக்கம் துத்தநாகமும் இரும்பும், நடுவே பழைய சுரங்கத்தின் கந்தகம் கலந்த ஆறு. இயற்கையே செய்துவைத்த மின்கலம்போல. அங்கிருந்து எடுத்த கற்களையும் ஆற்று நீரையும் வைத்து ஒரு சிறு விளக்கை எரியவும் வைத்தார். அந்த மின்சாரம் காற்றில் மிதக்கும் ஒளிப்பந்தாக எப்படி மாறுகிறது என்ற கண்ணி மட்டும் இன்னும் சேரவில்லை. ஒளிகள் இப்போது ஆண்டுக்குச் சில முறையே வருகின்றன; ஸ்ட்ரான்ட் அதன் பிறகும் மாணவர்களை அழைத்துக்கொண்டு மலையேறிவந்தார்.

மீண்டும் பல்கலைக்கழகத்துக்குள்

2017 டிசம்பர் 16 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2.2 கோடி டாலர் செலவில் ரகசியமாக இந்த ஆராய்ச்சியை நடத்தியதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதனோடு வந்த கடற்படை வீடியோக்கள் நிலைமையை மாற்றின. 2021 ஜூனில் உளவுத்துறை தந்த அறிக்கையில் 144 சம்பவங்கள். விளங்கியது ஒன்றே ஒன்று, காற்று இறங்கிய பலூன். 2022-இல் இந்த விசாரணைக்கென்றே ஆரோ என்ற தனி அலுவலகம் பிறந்தது. விபத்துக்குள்ளான வேற்றுலக வாகனங்களை அரசு மறைத்து வைத்திருக்கிறது என்று முன்னாள் உளவு அதிகாரி டேவிட் க்ரஷ் 2023 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து சொன்னார். அவர் சொன்னது மற்றவர்கள் அவரிடம் கூறியது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் ஆரோ அறிவித்தது.

இந்தக் கூச்சலுக்கு நடுவே நாசா ஒரு லட்சம் டாலர் செலவில், வான் இயற்பியலாளர் டேவிட் ஸ்பெர்கல் தலைமையில் 16 பேர் குழுவை அமைத்தது. ‘கோ ஃபாஸ்ட்’ எனப்படும் வீடியோவில், கடலை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி வெறிபிடித்ததுபோல் பாய்கிறது. குழு செய்தது பள்ளிக்கூட முக்கோணவியல். விமானத்தின் உயரமும், கேமரா கீழே சாய்ந்திருந்த கோணமும், பொருளுக்குள்ள தூரமும் திரையிலேயே எண்களாக ஓடுகின்றன. சேர்த்துக் கணக்கிட்டால் பொருள் கடலை ஒட்டி இல்லை. 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. 22 நொடியில் சுமார் 390 மீட்டர் நகர்ந்திருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் வீசும். பாய்ந்தது பெரும்பாலும் கேமராவைச் சுமந்த விமானம்தான். அர்னால்டிடம் இல்லாத ஒரே ஓர் எண், தூரம், இங்கே திரையின் மூலையில் இருந்தது. இந்தக் குழுவில் சேர்ந்த ஒரே காரணத்துக்காக உறுப்பினர்கள் சிலர் இணையத்தில் வசைபாடப்பட்டார்கள். மெக்டோனால்டுக்கு நேர்ந்தது இன்னும் நின்றுவிடவில்லை.

இருந்தும் பல்கலைக்கழகங்கள் துணிகின்றன. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2022-இல் இதை முறையான ஆய்வுப் பொருளாகச் சேர்த்துக்கொண்டது. விண்வெளித் தொழில்நுட்பப் பேராசிரியர் ஹகான் கயால் வானத்தைத் தொடர்ந்து கவனிக்கும் கேமராக்களைக் கட்டுகிறார். ஸ்டாக்ஹோமின் பியாட்ரிஸ் வில்லரோயல் எதிர்த்திசையில் பழைய வானத்துக்குப் போனார். 1957-இல் ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு முன் வானில் செயற்கைக்கோளே கிடையாது. அந்தக் காலத்துப் பாலோமர் வான் ஆய்வகக் கண்ணாடித் தகடுகளில், 1950 ஏப்ரல் 12 இரவு மட்டும் தோன்றி மற்ற எந்த இரவிலும் இல்லாத ஒன்பது புள்ளிகளை அவருடைய குழு கண்டது. தகட்டின் ரசாயனக் குறையாக இருக்கலாம் என்று குழுவே தன் கட்டுரையில் எழுதியிருக்கிறது. மற்ற வானியலாளர்கள் அதையே அழுத்திச் சொல்கிறார்கள். தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தீரக்கூடிய வழக்கு.

ஹார்வர்டின் அவி லோப் 2021-இல் தொடங்கிய கலிலியோ திட்டம், மனிதச் சாட்சியையே தவிர்க்கப் பார்க்கிறது. எட்டு அகச்சிவப்பு கேமராக்கள் அரைக்கோள வடிவில் முழு வானத்தையும் இரவு பகலாகப் பார்க்கின்றன. முதல் ஐந்து மாதச் சோதனையில் சுமார் 5 லட்சம் நகர்வுப் பாதைகள் பதிவாயின. பறவை, விமானம், இலை, மேகம் என்று இயந்திரமும் மனிதருமாகக் கழித்துக் கழித்து, கடைசியில் 144 பாதைகள் நின்றன. 2021-இன் அரசு அறிக்கையில் இருந்த அதே எண், தற்செயலாக. அவையும் சாதாரணப் பொருள்களாகவே இருக்கக்கூடும் என்று ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. ஆனால் ஒரே இடத்தில் வைத்த கேமராக்களால் தூரத்தைக் கணிக்க முடியாததால், அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே பொருளை இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் பார்த்தால்தான் முக்கோணம் அமையும். அதற்காக, பல கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஒரே வானத்தைப் பார்க்கும் கேமராக்களை நிறுவும் வேலையில் அந்தக் குழு இப்போது இறங்கியிருக்கிறது.